மாற்றப்படாத பாகம்: ஃபோர்டு எஸ்கேப் ரீகால்கள், 2012 முதல் 2025 வரை

2012 ஜூலையில், புத்தம்புது ஃபோர்டு எஸ்கேப் வாங்கிய சிலருக்கு நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வண்டியை ஓட்டாதீர்கள் என்றது அது. சர்வீஸ் சென்டருக்குக்கூட ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், நாங்களே இழுத்துக்கொண்டு போகிறோம், அதுவரை ஓட்ட வேறு கார் தருகிறோம் என்றார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 11,500 வண்டிகள் அந்த அறிவிப்பில் அடங்கின. எல்லாமே 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் பொருத்தியவை. என்ஜின் அறைக்குள் ஓடும் எரிபொருள் குழாய் பிளந்து பெட்ரோல் கசியக்கூடும், கசிந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்பது காரணம். அந்தத் தலைமுறை எஸ்கேப் விற்பனைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

எஸ்கேப்பை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதுதான் உலகிலேயே மோசமான வண்டி என்பதல்ல. நன்றாக விற்ற, பலர் குடும்பத்தோடு பல ஆண்டுகள் ஓட்டிய வண்டிதான் அது. ஆனால் பழுது ஒன்று கண்டறியப்பட்ட பிறகு நிறுவனமும் அரசு அமைப்பும் என்ன செய்கின்றன, எதைச் செய்யாமல் விடுகின்றன என்பதை, பதின்மூன்று ஆண்டுகள் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் தொடர்ந்து பார்க்க இந்த வண்டி இடம் தருகிறது. அப்படிப் பார்த்தபோது ஒரு கேள்வி என்னை விடவே இல்லை: ரீகாலில் மாற்றித் தருவது பழுதான பாகத்தையா, அல்லது அந்தப் பாகம் உடையப்போகிறது என்று சொல்லும் எச்சரிக்கையை மட்டுமா?

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் செய்தித்தாள்கள் இதை 'வாகனங்களைத் திரும்பப் பெறுதல்' என்று எழுதுகின்றன. படிப்பவருக்கு, காரை வாங்கிக்கொண்டு பணத்தைத் தந்துவிடுவார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கூப்பிட்டு, பழுதுபார்த்து, அதே வண்டியைத் திருப்பித் தருகிறார்கள். அமெரிக்கச் சட்டம் பழுதுநீக்கல், மாற்று வண்டி, பணம் திருப்பித் தருதல் என்று மூன்று வழிகளை அனுமதிக்கிறது. எந்த வழி என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு. அதனால் இங்கே ரீகால் என்றே எழுதுகிறேன்.

குக்கரும் விசிலும்

ஈகோபூஸ்ட் என்று ஃபோர்டு பெயரிட்ட அந்த 1.6 லிட்டர் டர்போ என்ஜினின் கதையைப் புரிந்துகொள்ள, கூலண்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். என்ஜினைச் சுற்றி ஓடும் அந்தத் திரவம் வெறுமனே சூட்டை வாங்கிக்கொண்டு போவதில்லை. அழுத்தத்துக்குள் அடைபட்டு ஓடுகிறது. குக்கரில் குண்டைப் போட்டால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதித்து ஆவியாகிவிடாமல் இருப்பதுபோலத்தான். குண்டை எடுத்தால் நொடியில் ஆவியாகிறது. கார் என்ஜினிலும் எங்காவது கசிந்து அழுத்தம் போனால், கூலண்ட் கொதித்து ஆவிக்குமிழ்களாகிறது. ஆவி இருக்கும் இடத்தில் குளிர்ச்சி இல்லை. சிலிண்டர்களை மேலிருந்து மூடும், அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட்டில் அந்த ஓரிடம் மட்டும் தாங்க முடியாத சூட்டுக்குப் போகிறது. விரிசல் விடுகிறது. விரிசல் வழியாக எண்ணெய் வெளியேறுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் டர்போவும் புகைபோக்கிக் குழாயும் தகித்துக்கொண்டிருக்கின்றன.

சிறிய என்ஜினில் டர்போவைப் பொருத்திப் பெரிய என்ஜினின் வலுவை எடுப்பது அந்தக் காலகட்டத்தின் பொது வழி. பெட்ரோல் மிச்சமாகும், புகை குறையும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன அறைக்குள் அதிக சூட்டைத் திணித்தால், அந்தச் சூட்டை வெளியேற்றும் ஏற்பாட்டில் சறுக்கலுக்கு இடம் இருக்கக் கூடாது. இங்கே இருந்தது.

2012 செப்டம்பரில் அடுத்த ரீகால். அதே 1.6 என்ஜினின் சிலிண்டர் ஹெட்டில், வார்ப்புத் துளையை அடைக்கும் கிண்ணம்போன்ற சிறு உலோக மூடி கழன்றுவிடக்கூடும், கூலண்ட் கொட்டிவிடும் என்றார்கள். அமெரிக்காவில் ஆறாயிரம் வண்டிகளுக்குச் சற்று மேல். அது முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள், நவம்பர் கடைசியில், 89,153 வண்டிகள்: 73,320 எஸ்கேப், மீதி அதே என்ஜின் வைத்த ஃபியூஷன் செடான். என்ஜின் அதிகமாகச் சூடாகித் திரவங்கள் கசிந்து தீப்பிடிக்கலாம். அதுவரை 13 தீச்சம்பவங்கள் பதிவாகியிருந்தன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

ஃபோர்டு தந்த விளக்கம் முக்கியமானது. சில சூழல்களில் கூலண்ட் அமைப்பின் அழுத்தம் குறைந்தால், அதைச் சமாளிக்கும்படி முதலில் வடிவமைக்கப்பட்டிருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். தீர்வாக வந்தது மென்பொருள் மாற்றம். குளிர்விப்பை நடத்தும் கணினிக் கட்டளைகளைத் திருத்தி எழுதினார்கள். டீலரிடம் வண்டியை விட்டால் அதிக நேரம்கூட ஆகாது. குழாயோ ஹெட்டோ மாறவில்லை.

மென்பொருளால் சரியாகும் பழுதுகள் உண்டு, மறுக்கவில்லை. விசிறி எப்போது சுழல வேண்டும், வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் கணினி தீர்மானிக்கும் காலத்தில், கட்டளை தவறாக இருந்தால் கட்டளையைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். 2013 நவம்பரில் அமெரிக்காவில் மட்டும் 1,39,917 எஸ்கேப்கள் மீண்டும் கூப்பிடப்பட்டன. சிலிண்டர் ஹெட் சூடேறி விரிசல் விடலாம், எண்ணெய் கசியலாம் என்பது காரணம். மேலும் 13 தீச்சம்பவங்கள். முதல் திருத்தம் நோயின் வேர்வரை போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே நாளில் இன்னொரு ரீகாலும் அறிவிக்கப்பட்டது. படிக்கும்போது என் மனம் அதில்தான் நின்றுவிட்டது. முந்தைய ஆண்டு 'ஓட்டாதீர்கள்' என்று இழுத்துக்கொண்டு போய் எரிபொருள் குழாய் மாற்றிய வண்டிகளில், அந்தக் குழாய் சரியாகப் பொருத்தப்படாமல் போயிருக்கலாம், மறுபடி கொண்டுவாருங்கள் என்றார்கள். அமெரிக்காவில் 9,469 வண்டிகள். பழுது நீங்கிவிட்டது என்று நம்பி, ஓராண்டுக்கும் மேலாகப் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து ஓட்டியவர்கள் அவர்கள்.

தென்னாப்பிரிக்காவின் கோடைக்காலம்

எஸ்கேப் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் உருவானது. அதே வண்டி ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூகா என்ற பெயரில் விற்றது. தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவை ஸ்பெயினின் வலென்சியா ஆலையில் செய்யப்பட்டவை. 1.6 லிட்டர் ஈகோபூஸ்ட் குடும்பம் அங்கும் உண்டு.

2015 டிசம்பரில், மேற்கு கேப் மாகாணத்தின் வில்டர்னஸ் என்ற கடற்கரை ஊரருகே, விடுமுறைக்குச் சென்றிருந்த ஒருவர் தன் கூகாவுக்குள் தீயில் சிக்கி இறந்தார். அந்தத் தீ என்ஜின் சூடேறியதால் வந்ததல்ல, வேறு வகையானது என்று ஃபோர்டு தொடர்ந்து சொல்லிவந்தது. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. அந்த ஒரு சம்பவத்தின் காரணத்தை நான் இங்கே தீர்ப்பாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அடுத்த ஓராண்டில் நாடு முழுக்க நடந்ததைச் சொல்லலாம். சாலையோரம் எரியும் கூகாவின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பலரும் சொன்னது ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது: ஓட்டிக்கொண்டிருக்கும்போது பானெட்டிலிருந்து புகை, நிறுத்தி இறங்கி ஓடியதும் நெருப்பு.

2016 டிசம்பரில் நிறுவனம் உரிமையாளர்களைப் பராமரிப்புச் சோதனைக்கு வரச் சொன்னது. ரீகால் என்ற சொல் அப்போது வரவில்லை. டிசம்பரும் ஜனவரியும் அந்த நாட்டில் கோடை, பள்ளி விடுமுறை, குடும்பங்கள் நெடுந்தூரம் காரில் போகும் காலம். தீச்சம்பவங்கள் நிற்கவில்லை. 2017 ஜனவரி 16 அன்று, ஃபோர்டின் தென்னாப்பிரிக்கப் பிரிவின் தலைவராக இருந்த ஜெஃப் நெமெத், அந்நாட்டின் தேசிய நுகர்வோர் ஆணையத்தோடு சேர்ந்து ரீகாலை அறிவித்தார். 2012 டிசம்பருக்கும் 2014 பிப்ரவரிக்கும் இடையே செய்யப்பட்ட 4,556 கூகாக்கள். அன்றைய தேதிக்கு 39 தீச்சம்பவங்கள்.

சொன்ன காரணம்: கூலண்ட் சரியாகச் சுற்றாமல் என்ஜின் சூடேறுகிறது, சிலிண்டர் ஹெட் விரிசல் விடுகிறது, எண்ணெய் கசிந்து சூடான பாகத்தில் பட்டால் தீப்பிடிக்கிறது.

மேலே திரும்பிப் போய் 2013 நவம்பர் அமெரிக்க ரீகாலின் காரணத்தைப் படித்துப் பாருங்கள். விரிசல், எண்ணெய், தீ எல்லாம் அங்கேயே இருக்கின்றன. இரண்டு அறிவிப்புக்கும் இடையே மூன்று ஆண்டும் சில வாரங்களும். நாடு மாறினால் தட்பவெப்பம் மாறும், மென்பொருள் மாறும், பொருத்தும் பாகங்கள் சிலவும் மாறும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு கண்டத்தில் ஹெட் வெடித்து எண்ணெய் ஒழுகுவது தெரிந்தபிறகு, இன்னொரு கண்டத்தில் ஓடும் அதே வகை என்ஜினைத் திறந்து பார்க்க முப்பதுக்கும் மேற்பட்ட கார்கள் எரிய வேண்டியிருந்ததை எந்தப் பொறியியல் வாதமும் நியாயப்படுத்தாது என்பது என் முடிவு. 2020-ல் நுகர்வோர் ஆணையத்துடனான உடன்பாட்டின்படி ஃபோர்டு 3.5 கோடி ராண்டு அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

தென்னாப்பிரிக்க அறிவிப்புக்குப் பிறகு, 2017 மார்ச் கடைசியில், அமெரிக்காவுக்கே கதை திரும்பியது. 2014-ஆம் ஆண்டு மாடல் எஸ்கேப், 2013, 2014 ஃபியூஷன், ஃபியஸ்டா எஸ்டி, டிரான்சிட் கனெக்ட் என 1.6 என்ஜின் வைத்த வண்டிகள் வட அமெரிக்காவில் 2,30,756. காரணம் அதே வாக்கியம். 29 தீச்சம்பவங்கள். 2013 நவம்பரில் 2013 மாடலைக் கூப்பிட்டபோது 2014 மாடல் ஏன் விடுபட்டது? ரீகாலின் எல்லைக்கோட்டை முதலில் வரைவது நிறுவனம்தான். எந்த மாதம், எந்த ஆலை, எந்த என்ஜின் எண்வரை என்று கோடு போட்டு, அதற்குள் இருப்பவருக்கு மட்டும் கடிதம் போகிறது. கோட்டுக்கு ஒரு வாரம் வெளியே பிறந்த காருக்குக் கடிதம் இல்லை. அதன் உலோகம் வேறு உலோகமா?

இந்த 2017 ரீகாலின் தீர்வுதான் இந்த ஆய்வின் நடுக்கண்ணி: கூலண்ட் அளவு குறைந்தால் சொல்லும் சென்சார் ஒன்றையும், அதற்கான வயர்களையும் மென்பொருளையும் பொருத்துவது. அதாவது, இத்தனை நாள் அந்த வண்டியில் கூலண்ட் குறைந்தால் ஓட்டுபவருக்குச் சொல்ல ஏற்பாடே இல்லை. சூடேறிய பிறகு ஊசி ஏறும். கூலண்டே தீர்ந்துபோனால் சூட்டை அளக்கும் சென்சாரைச் சுற்றித் திரவமே இருக்காது. புதிதாகப் பொருத்திய கூலண்ட் சென்சார் உதவாது என்று சொல்ல மாட்டேன். பல உயிர்களை அது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் கூலண்ட் ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், எந்த வண்டி வந்தாலும் முதலில் கூலண்ட் பாட்டிலைத்தான் பார்ப்பார். இரவெல்லாம் ஆறிய என்ஜின், காலை வெளிச்சம், பாட்டிலின் பக்கவாட்டில் வார்த்திருக்கும் இரண்டு கோடுகள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் திரவம் நின்றால் மூடுவார். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட மாட்டார். மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் தானாகக் குறையாது, அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் ஊற்றுவது நோயாளியின் நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரி என்பார். பாட்டிலின் வாயோரம் காய்ந்த படிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அந்த 1.6 எஸ்கேப்பின் பாட்டிலில் இருப்பது ஆரஞ்சு நிறத் திரவம்; கசிந்து காய்ந்தால் குழாய் இணைப்புகளில் துருநிறக் கறையாக நிற்கும். கையில் விளக்கும் ஐந்து நிமிடமும் இருந்தால் யாரும் பார்த்துவிடலாம்.

ரீகால் ஆகாத பழுது

2017 முதல் எஸ்கேப்பில் 1.6 போய் 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. இதற்கும் ஒரு கூலண்ட் நோய் உண்டு. சிலிண்டர்களுக்கு இடையே உள்ள மெல்லிய சுவரின் மேல்முகத்தில் கூலண்ட் ஓட ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடான கேஸ்கட் அழுந்தி அடைக்க வேண்டிய பரப்பு அங்கே குறுகிப்போகிறது. நாளாவட்டத்தில் கூலண்ட் சிலிண்டருக்குள்ளேயே நுழைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் தடுமாறும், பின்னால் வெண்புகை, வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது, பாட்டிலில் மட்டும் அளவு இறங்கிக்கொண்டே போகும். கேஸ்கட்டை மாற்றினால் தீராது. சிலிண்டர்கள் அமைந்த என்ஜின் பிளாக்கையே மாற்ற வேண்டும். டீலர்களுக்கு ஃபோர்டு அனுப்பிய தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளும் அதையே சொல்லின.

சுற்றறிக்கைக்கும் ரீகாலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் அறிவதில்லை. ரீகால் என்றால் உரிமையாளருக்குக் கடிதம் வரும், செலவு நிறுவனத்துடையது. சுற்றறிக்கை, மெக்கானிக்குக்கு நிறுவனம் சொல்லும் குறிப்பு. வாரண்டிக்குள் வந்தால் இலவசம். தாண்டிவிட்டால் பல ஆயிரம் டாலர் உங்கள் கையிலிருந்து. பழுது அதே பழுதுதான். பாதுகாப்புக் குறையாக நிறுவனமோ அரசோ அறிவித்ததா என்பதைப் பொறுத்து யார் பணம் கொடுப்பது என்பது மாறுகிறது. அதனால்தான் ரீகால் பட்டியலை மட்டும் பார்த்துப் பழைய கார் வாங்குபவர், இந்த என்ஜினின் பழுதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே வாங்கிவிடுகிறார்.

நாணய அளவு வளையம்

தீயோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கும் அதே எல்லைக்கோடுதான்.

கியர் லீவரை நகர்த்தும்போது ஒரு கேபிள் கியர்பெட்டியின் மேலுள்ள கைப்பிடியை இழுக்கிறது. கேபிளின் முனையில் ஒரு பிளாஸ்டிக் புஷ், நாணய அளவு வளையம், உலோகக் குமிழைக் கவ்விக்கொண்டிருக்கிறது. சூட்டிலும் ஈரப்பதத்திலும் அந்த பிளாஸ்டிக் நொறுங்கிப்போகிறது. நொறுங்கியபின் உள்ளே நடப்பது பயங்கரம். நீங்கள் லீவரை 'பார்க்' நிலைக்குத் தள்ளுகிறீர்கள். லீவர் போகிறது. டாஷ்போர்டில் பார்க் என்றே காட்டுகிறது. ஆனால் கேபிள் கைப்பிடியை விட்டுவிட்டதால் கியர்பெட்டி வேறு கியரிலேயே நிற்கிறது. எச்சரிக்கை எதுவும் வராது. இறங்குகிறீர்கள். சரிவான இடமாக இருந்தால் வண்டி உருளத் தொடங்குகிறது, ஒருவேளை உங்களை நோக்கியே.

2018 ஜூலையில் 2013, 2014 எஸ்கேப்களும் 2013 முதல் 2016 வரையிலான ஃபியூஷன்களும் இதற்காகக் கூப்பிடப்பட்டன. 2022 ஜூனில் எல்லை விரிந்து, 2013 முதல் 2019 வரையிலான எஸ்கேப் உட்பட ஏறத்தாழ 29 லட்சம் வண்டிகள். இந்த முறை புஷ்ஷை மாற்றியதோடு, அதன்மேல் பாதுகாப்பு மூடி ஒன்றும் போட்டார்கள். அது சரியான தீர்வு, பாகம் மாறியது. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் 2015 மாடல் எஸ்கேப் வைத்திருந்தவர் 2018-லிருந்து நான்கு ஆண்டுகள், அண்டைவீட்டாரின் 2014 எஸ்கேப்புக்குக் கிடைத்த புஷ் தனக்குக் கிடைக்காமல் ஓட்டினார். கைப்பிரேக்கை எப்போதும் போடும் பழக்கம் உள்ளவர்கள் தப்பினார்கள்.

புதிய என்ஜின், பழைய வழி

2020 மாடலாக அடுத்த தலைமுறை எஸ்கேப் வந்தது. அதன் அடித்தளத்திலேயே ப்ரோங்கோ ஸ்போர்ட் என்ற இன்னொரு காம்பாக்ட் எஸ்யுவி. இரண்டிலும் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ. 2022 ஏப்ரலில் எண்ணெய்ப் பிரிப்பானின் உறை விரிசல் விட்டு எண்ணெய் கசிகிறது என்று 3,45,451 வண்டிகள் கூப்பிடப்பட்டன. நவம்பரில் அதைவிடப் பெரியது: 5,21,778 வண்டிகள், அமெரிக்காவில் மட்டும். எரிபொருள் இன்ஜெக்டர் விரிசல் விடுகிறது. பெட்ரோலை மிக உயர்ந்த அழுத்தத்தில் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாகம் அது. விரிசல் விட்டால் பெட்ரோல் என்ஜினின் மேலேயே கசிந்து வழிகிறது.

இதற்கான தீர்வை முதன்முறை படித்தபோது தவறாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி படித்தேன். ஒன்று, எரிபொருள் அழுத்தம் திடீரென விழுந்தால் கண்டுபிடித்து, எச்சரிக்கை காட்டி, என்ஜினின் வலுவைக் குறைக்கும் மென்பொருள். இரண்டு, சிலிண்டர் ஹெட்டிலிருந்து கசியும் பெட்ரோலைச் சூடான இடங்களில் படாமல் கீழே தரைக்கு வடிக்க ஒரு சிறு குழாய். இன்ஜெக்டர் அப்படியே இருக்கும். விரிசல் விட்டால் மாற்றித் தருவோம் என்று பதினைந்து ஆண்டு நீட்டிப்பு வாரண்டி தந்தார்கள். கசிவு வரும் என்று ஒத்துக்கொண்டு, கசிவுக்கு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள்.

நிறுவனத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். விரிசல் விடக்கூடியவை நூற்றில் ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் மதிப்பீடு. ஐந்து லட்சம் வண்டிகளில் தலா மூன்று இன்ஜெக்டர் என்றால் பதினைந்து லட்சத்துக்கும் மேல். அவற்றைச் செய்யவே காலமாகும். நல்லதைக் கழற்றும்போது வேறு கசிவு உண்டாகும் அபாயமும் உண்டு. எரிபொருள் குழாய் விஷயத்தில் 2013-ல் பட்ட பாடு அதற்குச் சாட்சி. ஆயிரத்தில் சில வண்டிகளுக்காக எல்லாவற்றையும் திறப்பதா என்ற கேள்வி பொறியாளருக்கு நியாயமானதுதான். ஆனால் இந்தக் கார்கள் இரவில் நிற்பது வீட்டோடு ஒட்டிய மூடிய காரேஜில். எரிந்தவற்றில் சில, பக்கத்துக் கட்டடத்துக்கும் நெருப்பைப் பரப்பின. ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கு, மாடியில் தூங்கும் குழந்தைக்குத் தெரியாது.

2024 ஏப்ரலில் அதே இன்ஜெக்டருக்காக மேலும் 42,652 வண்டிகள் கூப்பிடப்பட்டன. தீர்வு அதே மென்பொருள், அதே வடிகுழாய். அம்மாதமே அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது. பழுதான இன்ஜெக்டரை மாற்றாமல் விடும் இந்தத் தீர்வு போதுமானதா என்பதே அவர்கள் கேள்வி. ஒரு ரீகாலின் தரத்தையே அரசு அமைப்பு சோதிப்பது அடிக்கடி நடப்பதல்ல. அதே ஆண்டு நவம்பரில், வேறொரு விவகாரத்தில், பின்புறக் கேமரா பழுதுக்கான ரீகாலைத் தாமதித்ததற்காக ஃபோர்டுக்கு 16.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த அமைப்பின் வரலாற்றில், ஏர்பேக் தயாரித்த தகாட்டா நிறுவனத்தின் வழக்குக்கு அடுத்த பெரிய தொகை.

பிறகு 2025 ஜூலை. அதே இன்ஜெக்டருக்காக 6,94,271 வண்டிகள், 2020 முதல் 2022 வரையிலான எஸ்கேப்பும் 2021 முதல் 2024 வரையிலான ப்ரோங்கோ ஸ்போர்ட்டும். முன்னர் மென்பொருளும் வடிகுழாயும் பொருத்திய வண்டிகளும் மீண்டும் வர வேண்டும். செலவு சுமார் 57 கோடி டாலர் ஆகும் என்று முதலீட்டாளர்களுக்கு அறிவித்தார்கள்.

சென்னையிலிருந்து போனவை

எஸ்கேப்பும் கூகாவும் நம் சாலைக்கு வரவில்லை. ஆனால் அதன் தம்பியான ஈகோஸ்போர்ட் மறைமலை நகரில் பிறந்தது. 2018 மாடல் முதல் அமெரிக்காவுக்கும் இங்கிருந்தே கப்பலேறியது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில், 1.0 லிட்டர் என்ஜின் வைத்த 2018–2022 ஈகோஸ்போர்ட்டும் சில ஃபோகஸ் கார்களுமாகச் சுமார் 1,39,700 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. எண்ணெய் பம்பைச் சுழற்றும் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும்; அது சிதைந்தாலோ அதன் இறுக்கி உடைந்தாலோ எண்ணெய் அழுத்தம் போய் என்ஜின் ஓடும்போதே இறுகி நின்றுவிடும், பிரேக் மிதிக்கும் உதவியும் குறையும். குறை என்ஜின் வடிவமைப்பில் இருந்தது, சென்னையில் கட்டிய கைகளில் இல்லை. அந்தக் கைகளுக்கு வேலை தந்த ஆலை அதற்கு முந்தைய ஆண்டே மூடிவிட்டது.

பழைய கார் வாங்குபவரின் நிலை

அமெரிக்காவில் ரீகால் கடிதம் பதிவிலுள்ள முகவரிக்குப் போகும். கார் இரண்டு மூன்று கை மாறியபின் அந்தக் கடிதம் யாரைத் தேடும்? வாடகைக் கார் நிறுவனங்கள் ரீகால் முடிக்காத வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்று 2016 முதல் சட்டம் தடுக்கிறது. ஆனால் பழைய கார் விற்கும் டீலர் அதே வண்டியை விற்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. குறைந்த விலைக்கு எஸ்கேப் வாங்குபவர் பெரும்பாலும் மூன்றாவது உரிமையாளர், பெரும்பாலும் கையில் பணம் இறுக்கமானவர். அவர் செய்யக்கூடியது, காரின் கண்ணாடிக்கடியில் பொறித்திருக்கும் 17 இலக்க அடையாள எண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் தட்டிப் பார்ப்பது. 'நிலுவை இல்லை' என்று வந்தாலும் டீலரிடம் பழுதுபார்த்த விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: என்ன பாகம் மாற்றினீர்கள், அல்லது மென்பொருள் மட்டுமா? எஸ்கேப்பைப் பொறுத்தவரை அந்தத் தாளில் 'சரிசெய்யப்பட்டது' என்ற ஒற்றைச் சொல், ஹெட் மாறியதையும் குறிக்கலாம், எச்சரிக்கை விளக்கை எரியப் பழக்கியதையும் குறிக்கலாம்.

2025 ஜூலை அறிவிப்பில், நிரந்தரத் தீர்வு உருவாக்கப்பட்டு வருவதாகவும், அதுவரை மென்பொருளை மட்டும் இடைக்காலமாகப் புதுப்பிப்பதாகவும் எழுதியிருந்தது. டீலரிடமிருந்து வண்டி வீடு திரும்பியது. பானெட்டுக்கு அடியில் அதே மூன்று இன்ஜெக்டர்கள்.